வேண்டுதல் இல்லாத பார்வை

ஜொகூரின் கூலாய் மாவட்டத்தில் இருக்கும் செடெனாக்கைச் சுற்றிப் பார்க்கவென்று யாரும் வருவதில்லை. முதலாம் கூட்டரசுச் சாலையை ஒட்டிய சிற்றூர். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், குலை ஏற்றிப் போகும் லோரிகள், அண்மைக் காலமாகத் தொழில்நுட்பப் பூங்காவில் எழும்பிவரும் தரவு மையங்கள். சுற்றுலாக் கையேட்டுக்கு இதில் ஒன்றுமில்லை. ஆனால் மழை விட்ட ஒரு மாலையில், லோரியிலிருந்து உதிர்ந்த நாலைந்து செம்பனைப் பழங்கள் நனைந்த தார்ச்சாலையில் கிடப்பதை ஒருவர் படம் பிடித்தால், அந்தப் படம் நம்மை நிறுத்திவிடும். பழத்தின் அடியில் செம்மஞ்சள், நுனியில் கறுப்பு. டயர் ஏறிய ஒன்றில் மட்டும் மஞ்சள் நார் பிதுங்கி எண்ணெயோடு மினுங்கும். இந்த அழகு எங்கே இருந்தது? பழத்திலா, பார்த்தவர் மனத்திலா, கருவியிலா? அது அங்கேயேதான் இருந்தது, பொருளிடம் நமக்கிருந்த ‘வேண்டும்’ அதை மறைத்திருந்தது என்பதே என் முடிவு. அந்த ‘வேண்டும்’ ஒதுங்கும் கணத்தைத்தான் நல்ல தெருப்படம் பிடிக்கிறது. அந்த அளவில் அது ஓர் ஆன்மிகப் பயிற்சி.

தெருவை நாம் பெரும்பாலும் பயன் கருதியே பார்க்கிறோம். ஆலைக்காரருக்குக் குலை என்றால் எடை. லோரி ஓட்டுநருக்கு உதிர்ந்த பழம் என்றால் வழுக்கல். கடைக்காரருக்கு ஐந்தடி நடைபாதையில் மழைக்கு ஒதுங்கியவர் என்றால் ஒரு வியாபாரம். இதில் குற்றமில்லை, இப்படிப் பார்க்காவிட்டால் பிழைப்பு நடக்காது. ஆனால் கண் முழுக்கப் பயன் நிறைந்துவிட்டால் பொருள் காணாமல் போகிறது. திருமூலர் சொன்ன மரயானை இதைத்தான் காட்டுகிறது. யானையென்று பார்ப்பவருக்கு அதற்குள் இருக்கும் மரம் புலப்படாது. மரமென்று பார்ப்பவருக்கு யானை நிற்காது. உலகையும் அதில் உறையும் பரத்தையும் பற்றி அவர் சொன்னது தெருவுக்கும் பொருந்தும். அழகு தரும் மகிழ்ச்சியில் உடைமை ஆசை கலக்காது என்று ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் 1790இல் வாதிட்டார். சைவர்கள் பற்று என்று சொல்வது கண்ணுக்குள்ளும் குடியிருக்கும் என்பதை வேறு வழியில் அவரும் கண்டார். அழகு ஆளுக்கு ஆள் மாறுவதுதானே என்று கேட்கலாம். மாறுவது பெரும்பாலும் நம் தேவைகள். அந்தப் பழத்தின்மேல் விழுந்த ஒளி யாருடைய தேவையையும் கேட்டு விழவில்லை; கருவி பதிந்துகொண்டதும் அந்த ஒளியைத்தான்.

இதற்கு வலுவான சான்று திருவண்ணாமலையில் இருக்கிறது. தெருப்படக் கலையின் முன்னோடியான பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் ரமணாசிரமத்துக்கு வந்து, ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். ஏப்ரல் 14 இரவு 8:47க்கு மகரிஷி உடலை விட்டபோது, வானில் ஒரு விண்மீன் ஊர்ந்ததைக் கண்டு கடிகாரத்தைப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சந்திப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் தொழிலில் வைத்திருந்த நோன்புகள். பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸ், ஃபிளாஷ் போடுவதில்லை, எடுத்த படத்தை வெட்டித் திருத்துவதில்லை. இவை ஒவ்வொன்றும் ஒரு கைவிடல். காட்சியைத் தன் விருப்பத்துக்கு வளைக்கும் வழிகளை ஒவ்வொன்றாக அவர் அடைத்தார். மீந்தது பார்வை. படம் எடுப்பதே ஒரு வேட்கைதானே என்றால், ஆம், அதுவும் உண்மை. 1970களில் அவரே கேமராவைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு ஓவியம் வரையப் போனார். பயிற்சிக்கு உதவிய கருவியும் ஒருநாள் கையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

தெய்வ அழகைக் கோயிலில் தேடாமல் புழுதித் தெருவில் தேடுவதா என்று பக்தர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்கு நம் மரபே விடை வைத்திருக்கிறது. முருகு என்ற சொல்லுக்கு அழகு என்றும் தெய்வம் என்றும் பொருள் உண்டு, திரு.வி.க. தம் நூலுக்கு ‘முருகன் அல்லது அழகு’ என்றே பெயர் வைத்தார். மூலவர் கருவறையில் இருக்க, உற்சவர் தெருவுக்கு வருகிறார். மதுரையில் ஆடி, சித்திரை, மாசி என்று வீதிகளே மாதங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1939 ஜூலையில் மீனாட்சியம்மன் கோயில் கதவு திறக்கும்வரை உள்ளே விடப்படாதவர்கள் இருந்தார்கள்; தெய்வத்தைக் காண அவர்களுக்குத் தெருதான் இருந்தது. தைப்பூசத்தில் கோலாலம்பூரிலிருந்து பத்துமலைக்கு வெள்ளி ரதம் போகும் வழியெல்லாம் சாலையோரமே சந்நிதியாகிறது. தெருவில் தெய்வத்தைக் காணலாம் என்று நம்புகிறவர், தெருவில் அழகைக் காண மறுக்க முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வறுமையை அழகாக்கிக் காட்டுவது ஏமாற்று அல்லவா? கேமரா எதையும் அழகாக்கிவிடும் ஆபத்தை அமெரிக்க எழுத்தாளர் சூசன் சாண்டாக் 1977இல் வந்த தம் நூலில் கடுமையாகச் சுட்டினார். மலாயாத் தமிழருக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. சிங்கப்பூரின் ஜி.ஆர். லம்பேர்ட் போன்ற காலனிக்காலப் படப்பிடிப்பு நிலையங்கள் இங்குள்ள மக்களை இன வகைகளாக நிறுத்தி எடுத்த படங்கள் விலைக்குப் போயின. அவற்றில் முகம் உண்டு, பெயர் இல்லை. அந்தப் பார்வைக்கு ஒரு மாதிரி வேண்டியிருந்தது. இன்று கைப்பேசிக்கு விருப்பக்குறி வேண்டியிருக்கிறது; சிலருக்கு இரங்குவதற்கு ஓர் ஏழை வேண்டியிருக்கிறது. பிழை அழகில் இல்லை, இந்த வேண்டுதலில் இருக்கிறது. பால்மரம் வெட்டிய கையின் காய்ப்பை வேண்டுதல் இல்லாமல் பார்த்தவர், அந்தக் கைக்குரியவரின் கூலியை மறக்க மாட்டார். பொருளை முழுதாகப் பார்ப்பதில் அதுவும் அடங்கும். அழகைக் கண்டு நீதியை மறந்தவர் அழகையும் சரியாகக் காணவில்லை.

ஆகவே செடெனாக்கிலோ உங்கள் ஊரிலோ தெருவில் கேமராவை உயர்த்துமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதனிடமிருந்து எனக்கு என்ன வேண்டும்? எதிரில் இருப்பவர் மனிதர் என்றால் முதலில் அவர் பெயரைக் கேளுங்கள், சம்மதத்தைக் கேளுங்கள். ‘ஒன்றும் வேண்டாம்’ என்று மனம் சொல்லும்வரை கைப்பேசி சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.