முறை நீர்

உத்தியோகத்தையும் குடும்பத்தையும் சுமக்கிற ஒரு மனிதன் தனக்குப் பிரியமான கலைக்கென்று நாள்தோறும் ஒரு பொழுதை ஒதுக்குவது தகுமா, ஒதுக்கினாலும் மணி பார்த்துச் செய்வது கலையாகுமா என்னும் ஐயம் என்னை ஒரு காலத்தில் மிகவும் வருத்தியது. அது தீர்ந்த வகையை ஓர் ஆசிரியரும் அவர் சீடனும் பேசிக்கொள்வதாக அமைத்து இங்கே எழுதுகிறேன்.

சீடன்: சுவாமி, இளமையில் ஏழு ஆண்டுகள் வீணை பயின்றேன். இன்று அது உறை போர்த்தபடி கூடத்து மூலையில் கிடக்கிறது. காரியாலயத்துக்குப் புறப்படும்போதும் பார்க்கிறேன். திரும்பி வரும்போதும் பார்க்கிறேன். வேலைகள் எல்லாம் முடிந்து ஓய்வு கிடைக்கும்போது எடுத்து வாசிக்கலாம் என்று இருக்கிறேன். அந்த ஓய்வுதான் கிடைத்தபாடில்லை.

ஆசிரியர்: கிடைக்காது, அப்பா. ஏரிப் பாசனம் உள்ள ஊரில் கடைமடைக்காரன், தலைமடை வயல்களெல்லாம் குடித்து மிஞ்சிய நீர் தன்னிடம் வரட்டும் என்று வரப்பில் உட்கார்ந்திருந்தால், அவன் பயிர் கருகுமே தவிர நீர் வராது. ஏனெனில், போதும் என்று சொன்ன வயல் உலகத்தில் இல்லை. ஆகையால்தான் பெரியவர்கள் முறை வைத்தார்கள். இந்த நாழிகை முதல் இந்த நாழிகை வரை இன்ன வயலுக்கு என்று வகுத்துவிட்டால், அந்த நேரத்தில் நீர்க்கட்டி மண்வெட்டியோடு வந்து மடையைத் திருப்பிவிடுவான். நீ மிச்சத்துக்குக் காத்திருக்கிறாய், முறை கேட்கவில்லை.

சீடன்: குழந்தைகளின் படிப்பு, தாயாரின் வைத்தியம், தீராத கடன், இவற்றுக்கு நடுவே எனக்கென்று ஒரு பொழுதை எடுத்துக்கொள்வது சுயநலம் ஆகாதா?

ஆசிரியர்: திண்ணைப் பேச்சில் நீ கழிக்கும் பொழுதை உன் வீட்டார் சுயநலம் என்று சொன்னதுண்டா? நாள் ஒன்றுக்கு நாழிகை 60. அதில் இரண்டு நாழிகையைக் கடைமடைக்கு விட்டதனால் தலைமடை காய்ந்துபோகாது.

சீடன்: நான் வித்துவான் ஆகப்போவதில்லையே?

ஆசிரியர்: உன் தாயார் வாசலில் இடும் கோலத்துக்கு எந்தச் சபையில் பரிசு வாங்கினார்? மேலே சொல்.

சீடன்: என் மனத்தை உண்மையில் தடுப்பது இதுதான். கலை உள்ளத்தின் நெகிழ்ச்சியில் பிறப்பது. மணி அடித்ததும் வீணையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வது, காரியாலயத்து ஆஜர்ப் புத்தகத்தில் கையெழுத்திடுவதைப்போல ஆகிவிடாதா? தாங்கள் ஏரியைச் சொன்னீர்கள். ஏரிக்கு நீர் மழையால் அல்லவா வருகிறது? மழையை முறை வைத்து அழைக்க முடியுமா?

ஆசிரியர்: கேட்க வேண்டியதைக் கேட்டாய். மழை நம் வசத்தில் இல்லை, உற்சாகமும் அவ்வாறே. ஆனால் மழைக்கு முன்னே ஊரார் செய்த காரியம் ஒன்று உண்டு. குடிமராமத்து என்று பெயரிட்டு, வீட்டுக்கு ஓர் ஆளாகக் கூடி, வரத்துக் கால்களில் தூர் எடுத்து, கரையில் மண் அணைத்து, மதகைச் செப்பனிட்டு வைத்தார்கள். இரண்டு ஊர்களில் ஒரே மழை பெய்தாலும், கால் தூர்ந்த ஊரில் அது வெள்ளமாய் ஓடி வீணாகும். கால் வெட்டி வைத்த ஊரில்தான் ஏரியாய் நிற்கும். நாள்தோறும் செய்யும் சாதகம் இந்த மராமத்துத்தான். மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசிக்கும் பிள்ளைக்கு அதில் பரவசம் ஏதும் இல்லை. ஆயினும் என்றோ ஒரு நாள் பரவசம் வந்து நிற்கும்போது, இடக்கை விரல் கமகத்தைத் தேடித் தடுமாறாமல் தந்தியை இழுத்து அந்த ஸ்வரத்தின் மேல் நிற்பது, அந்தச் சுவையற்ற நாட்களின் பயன் அல்லாமல் வேறென்ன? மூலையில் கிடக்கும் உன் வீணையிலே தந்திகள் தளர்ந்திருக்கும். மெழுகில் பதித்த 24 மெட்டுகளில் சில நிலை பிசகியும் இருக்கலாம். இன்றிரவே உனக்கு உற்சாகம் பெருகி வந்தாலும், அது எந்தக் கால் வழியாகப் பாயும்?

மணி பார்த்து எழுதிய ஒருவரைச் சொல்கிறேன், கேள். ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி ட்ரோலப் 1834 முதல் 1867 வரை தபால் இலாகாவில் ஊழியம் பார்த்தவர். அவருடைய பார்செட்ஷயர் நாவல்கள் ஆறும் அந்த உத்தியோக காலத்திலேயே எழுதப்பட்டவை. அவற்றுள் ஒன்றின் பெரும்பகுதியை, இலாகா வேலையாக ரயிலில் போகும்போது, மடிமேல் பலகை வைத்துப் பென்சிலால் எழுதினார். வீட்டில் இருக்கும் நாட்களில் காலை 5.30 மணிக்கு மேசைமுன் அமர்வார். தம்மை எழுப்பிக் காப்பி தருவதற்கென்றே வேலைக்காரனுக்கு ஆண்டுக்கு 5 பவுன் அதிகம் கொடுத்தார். கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதினார். அவர் இறந்தபின் 1883-ல் வெளியான சுயசரிதையில் இவற்றைப் படித்த பலர், உன்னைப்போலவே, இது கலைஞனுக்கு அடுக்குமா என்று முகம் சுளித்தார்கள். அவர்கள் கவனியாது விட்டது ஒன்று: எழுதத் தொடங்குமுன் அரைமணி நேரம், முதல் நாள் எழுதியதன் ஓசையைத் தம் காதால் எடைபோட்டு அவர் படித்துப் பார்ப்பார். அது தூர் எடுக்கும் வேலை. நம் நாட்டில், 1891-ல் சென்னையிலே சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான பம்மல் சம்பந்த முதலியாரும், பிற்காலத்தில் வழக்கறிஞர் தொழிலை நடத்திக்கொண்டே நாடகங்களை எழுதினார், வேடமும் பூண்டார்.

இவர்கள் எல்லாரையும்விடப் பெரிய சாட்சி உன் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஆடிக் காற்றில் மாவு பறக்கும். ஐப்பசி மழையில் இட்ட கோலம் கரையும். உடம்புக்கு முடியாத நாளில் நான்கு இழை மட்டுமே விழும். மனம் கனிந்ததா என்று உன் தாயாரின் கை ஒருநாளும் கேட்டதில்லை. விடிந்தால் வாசல் தெளித்துப் புள்ளி வைக்கிறது. மார்கழி பிறந்து, பனியில் தெருவே விழித்திருக்கும் ஒரு வைகறையில், வாசலை அடைத்து ஒரு சிக்குக் கோலம் ஓர் இழையும் பிசகாமல் வளைந்து வந்து தொடங்கிய இடத்திலேயே கூடுகிறதே, அது மார்கழி கொண்டுவந்த அழகு என்று பார்ப்பவர் எண்ணலாம்; மற்றப் பதினொரு மாதமும் தூர் எடுத்த கால் அது. மழை அன்றைக்குப் பெய்தது, அவ்வளவே.

ஆகவே, விடியலுக்கு முன் இரண்டு நாழிகை வீணைக்கு என்று முறை வைக்க வேண்டும். அதை வீட்டாருக்கும் சொல்லிவிட வேண்டும். ஊரறிந்த முறையைத்தான் ஊர் காக்கும். மழை பெய்த நாளில் ராகம் தானே விரியும். மனம் வறண்ட நாளில் சுருதி மட்டும் சேர்த்து, உறையைப் போர்த்திவிட்டு எழுந்துவிடலாம். அதனால் முறை தவறியதாகாது. ஏரி வற்றிய கோடையிலும் நல்ல நீர்க்கட்டி ஒருவன், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, கடைமடை வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புகிறான்.