டப்பாவுக்குள் இருப்பது உயிரா?

தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தி நீர் நன்றாக உப்பேறிய பிறகு, காற்று ஒதுக்கும் வரப்போரத்தில் பழுப்புத் தூள் மிதந்து வந்து சேரும். ஆர்ட்டீமியா என்னும் சின்னஞ்சிறு உப்புநீர் உயிரியின் முட்டை அது. ஒரு கிராமில் இரண்டு, மூன்று லட்சம் இருக்கும். மீன், இறால் குஞ்சுகளுக்கு இரையாவதால் இதற்கு நல்ல கிராக்கி. அலசி, உலர்த்தி, டப்பாவில் அடைத்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். 28 டிகிரிச் சூட்டில் உப்புநீரில் போட்டு, வெளிச்சமும் காற்றும் கொடுத்தால் ஏறக்குறைய ஒரே நாளில் குஞ்சு நீந்தும்.

டப்பாவில் கிடந்தபோது அது உயிரோடு இருந்ததா?

ஒவ்வொரு முட்டைக்குள்ளும் சுமார் 4,000 செல்கள் கொண்ட கரு இருக்கிறது. நீர் வற்றும்போது டிரெஹலோஸ் என்னும் சர்க்கரை அதன் உள்ளமைப்பு குலையாமல் தாங்குகிறது. முழுதும் உலர்ந்த கருவில் மூச்சும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. 1959-ல் உயிரியலாளர் டேவிட் கீலின் இந்த நிலைக்கு 'கிரிப்டோபயோசிஸ்' என்று பெயரிட்டார். 1997-ல் ஜேம்ஸ் கிளெக் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போனது. நீரில் ஊறிய முட்டைகளே ஆக்சிஜன் இல்லாமல் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. அவற்றில் அளக்கத்தக்க வளர்சிதை மாற்றம் எதுவும் தென்படவில்லை.

உயிர் என்றால் இயக்கம் என்போருக்கு இது சிக்கல். சேமிப்பு முறை அந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. முட்டையின் ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டினால், காற்றுபட்டு உள்ளே வேலை தொடங்கிவிடும். பொரிக்கவும் முடியாமல், வைத்திருந்த சக்தியும் கரைந்து கரு மடியும். அதனால்தான் காற்றை உறிஞ்சியோ நைட்ரஜன் நிரப்பியோ அடைத்து, குளிர்ச்சியான இடத்தில் வைக்கிறார்கள். அரைகுறையாக விழித்த முட்டைதான் சாகிறது. அடங்கிக் கிடந்தது பிழைக்கிறது.

இதே தூத்துக்குடி மாவட்டத்தில், கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய சமணருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. முளைக்கக்கூடிய விதையில் உயிர் உண்டு, துறவி அதை உண்ணலாகாது என்பது அவர்கள் நெறி. அப்படியானால் களஞ்சியத்தில் கிடக்கும் தானியம் எதுவரை உயிருள்ளது? சுவேதாம்பர மரபின் பகவதி சூத்திரம் கணக்கே சொல்கிறது: மூடி முத்திரையிட்டு வைத்த நெல், கோதுமை போன்றவற்றின் முளைப்புத் திறன் அதிகபட்சம் மூன்று ஆண்டு, பயறு வகைகளுக்கு ஐந்து. விதை அசைகிறதா என்று அந்நூல் கேட்கவில்லை, முளைக்குமா என்றே கேட்கிறது.

சைவ சித்தாந்தம் கேவல நிலையைப் பேசும். ஆணவம் என்னும் இருளில் அழுந்திய ஆன்மா எதையும் அறியாமல், எதையும் செய்யாமல், ஆனால் இல்லாமல் போகாமல் இருக்கும் நிலை அது. டப்பா முட்டைக்கு இது அழகாகப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் கேவலம் என்பது உடலோடு சேராத ஆன்மாவின் நிலை. முட்டையோ உடலாகவே கிடக்கிறது. ஒப்புமை அதோடு நின்றுவிடுகிறது.

தூத்துக்குடிக்குத் தெற்கே, நாசரேத் போன்ற பழைய மிஷன் ஊர்களில் வேறொரு ஒப்புமை நாவில் எழும்: உயிர்த்தெழுதல். நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணியை இயேசு உவமையாக்கினார். கொரிந்தியருக்கு எழுதிய பவுலும் விதையையே காட்டினார். ஆனாலும் ஈஸ்டர் பிரசங்கத்துக்கு ஆர்ட்டீமியா உதவாது. இயேசு உண்மையாகவே மரித்தார், அடக்கம் செய்யப்பட்டார் என்பதில்தான் சபையின் அறிக்கை ஊன்றி நிற்கிறது. சாகாத முட்டை பொரித்ததைச் சான்றாக்கினால், இயேசு மயங்கித்தான் கிடந்தார் என்று வாதிடுவோருக்கே அது கைகொடுக்கும்.

அறிவியலும் சமணமும் இங்கே பக்கத்தில் வந்து நிற்கின்றன. உள்ளமைப்பு கலையாமல், திரும்பி வரும் திறன் எதுவரை இருக்கிறதோ அதுவரை அது உயிர். அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. செத்த முட்டையும் உயிருள்ள முட்டையும் கண்ணுக்கு ஒரே பழுப்புத் தூள்தான். பழைய டப்பாவைத் திறக்கும் பண்ணைக்காரர் முதலில் ஒரு சிட்டிகையை மட்டும் உப்புநீரில் போட்டு, மறுநாள் எத்தனை பொரித்தன என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.