ஓய்ந்த விளக்கும் உயிரின் இயல்பும்

வழி காட்டுதற்கென அமைந்த விளக்கு, வழிச்செல்வார்க்கு வேண்டாததாய் ஒழிந்த பின்னரும் ஏற்றப்படுமாயின், அச்செயல் பயனுடையதோ, வறிதோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

வட அமெரிக்காவில் சுபீரியர் என்னும் பேரேரியின் வடகரையில், மினசோட்டா மாநிலத்தே, ஏறத்தாழ 130 அடி உயர்ந்த செங்குத்துப் பாறைமேல் ஸ்பிளிட் ராக் என்னும் கலங்கரை விளக்கம் நிற்கின்றது. 1905-ஆம் ஆண்டு நவம்பரில் எழுந்த கொடும்புயலிற் கப்பல்கள் பல உடைந்து மாலுமிகள் மாண்டமையே அதனைக் கட்டுதற்குக் காரணமாயிற்று. 1907-இல் அமெரிக்கப் பேரவை அதற்கென 75,000 டாலர் ஒதுக்கிற்று; 1910-இல் விளக்கு ஒளிரத் தொடங்கிற்று. அந்நாளில் ஆண்டுச் சாலை இன்மையின், கட்டடப் பொருள்களெல்லாம் ஏரிவழியே கொணரப்பட்டுப் பாறைமேல் தூக்கப்பட்டன. பாரிஸ் நகரிற் செய்த பெரிய கண்ணாடி வில்லை, தன்னகத்து எரியும் மண்ணெண்ணெய்ச் சுடரின் கதிர்களைத் திரட்டிப் பத்து வினாடிக்கு ஒருமுறை ஏரிமேற் பாய்ச்சிற்று. 1940-இல் மின்விளக்கு வந்தது. கப்பல்களிற் புதிய வழியறி கருவிகள் பெருகவே, 1969-இல் அவ்விளக்குப் பணியினின்றும் நீக்கப்பட்டது. இன்று மினசோட்டா வரலாற்றுக் கழகம் அதனை அருங்காட்சியிடமாகப் போற்றி, 1920-களில் இருந்தவாறே காண்பார்க்குக் காட்டுகின்றது.

1975 நவம்பர் 10-ஆம் நாள், எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்னும் சரக்குக் கப்பல் இரும்புத்தாது ஏற்றிச் செல்லுங்கால் அப்பேரேரியில் மூழ்க, அதிலிருந்த 29 பேரும் இறந்தனர். ஆண்டுதோறும் அந்நாளில் அவர்தம் பெயர்களைப் படித்து, 29 முறை மணி ஒலித்து, நீரில் மாண்டார் அனைவர்க்குமென மேலும் ஒருமுறை ஒலித்து, ஓய்ந்த அவ்விளக்கை ஏற்றுகின்றனர்.

“இவ்வொளியால் ஒரு கப்பலும் உய்வதின்று, இறந்தாரும் இதனைக் காணார், ஆகலின் இது வீண்செயலே” எனின், செயலின் பயன் புறத்தே விளைவது ஒன்றே எனக் கொள்வார்க்கு அது பொருந்தும். அகத்தே விளைவதும் பயனே. உயிர் படிகம் போன்றது. சார்ந்ததன் வண்ணமாவது அதன் இயல்பு என்பது சித்தாந்தத் துணிபு. அக்கண்ணாடி வில்லையே இதற்குச் சான்றாம். அதற்குத் தன்னொளி இல்லை. சுடரைச் சார்ந்துழி முழுதும் ஒளியாய் விளங்கும். சுடர் நீங்கியவழி இருளொடு கிடக்கும். அதுபோல, இலாப நட்டக் கணக்கையே சார்ந்த உயிர் வன்மையுறும். பிறர் துயரை நினைந்து உருகும் உயிர் அன்பின் வண்ணமாம்.

இன்னும், பேரொளியாகிய இறைவனுக்குத் திருக்கோயில் விளக்கால் ஆவதொன்றுமில்லை. ஆயினும் எரித்தற்கு வேறு பொருள் போதாதவழிக் கணம்புல்ல நாயனார் தம் தலைமுடியையே விளக்காக எரித்தார். அதனாற் பயனெய்தினவர் அவரே.

“அது பதிபணி, இது மக்களை நினைத்தல், இரண்டும் ஒன்றாமோ?” எனின், ஒன்றாகா. எனினும் உயிர்கள்மாட்டு இரக்கமில்லாதார்க்கு உயிர்க்குயிராய் நின்றான்மாட்டு அன்பு நிகழுமாறு யாங்ஙனம்? முன்னது படி, பின்னது மாளிகை.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. 1905-இல் மாண்டாரை நினைந்த நினைவு, வாழ்வாரைக் காக்கும் விளக்காயிற்று. விளக்கேற்றிக் கலைந்தவர் மறுநாள் தம் அயலான் துயரைக் காணாது செல்வாராயின், அச்செயலை வீணென்றவர் கூற்றே மெய்யாய் முடியும். ஆகலின் அவ்விளக்கு வறிதன்று என நிறுவுதல் அறிவார் சொல்லான் ஆவதன்று; ஏற்றினார் ஒழுக்கத்தான் ஆவது.

திருச்சிற்றம்பலம்.