தவணை முடிந்து போகிறவர்கள்

கோயம்புத்தூரில் வேலை பார்த்த நாட்களில் என் எதிர் மாடிக்கு இரண்டு பையன்கள் குடிவந்தார்கள். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப் பட்டை. ஒருவன் ராஜமுந்திரிப் பக்கம், மற்றவன் பெங்களூர். ஒருவரையொருவர் ‘எல்டர்’ என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். எல்டர் என்றால் மூப்பர். மூப்பருக்கு வயது 19. முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

1830இல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய, மார்மன் என்று உலகம் அழைக்கிற சபையின் ஊழியக்காரர்கள் அவர்கள். ஆண்கள் 18 வயதிலிருந்து போகலாம். 2012 வரை 19. தவணை இரண்டு வருஷம். எந்த ஊர் என்பதை சால்ட் லேக் சிட்டியிலிருக்கிற தலைமை முடிவு செய்யும். போகிறவன் கேட்டுப் பெற முடியாது. செலவை இயன்றவரை அவனும் குடும்பமும் ஏற்க வேண்டும். காலை ஆறரை வாக்கில் எழுந்து, படித்து, ஜெபித்து, பிறகு ஆட்களைப் பார்க்கப் போகிறார்கள். இரவு பத்தரைக்குப் படுக்கை. கூட்டாளியை விட்டுத் தனியே எங்கும் போகக் கூடாது. காதல் கூடாது. துணி துவைக்க, கடிதம் எழுத வாரத்தில் ஒரு நாள். 2019 வரை வீட்டோடு தொலைபேசியில் பேச வருஷத்தில் இரண்டு சந்தர்ப்பம்தான். அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து வாரம் ஒரு முறை பேசலாம்.

காரைக்குடிக்காரனுக்கு இந்த வாழ்க்கை அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ‘கொண்டுவிற்க’ப் போன செட்டிப் பிள்ளைகளும் இப்படித்தான் போனார்கள். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி அடுத்தாள், மேலாள் என்று ஏற வேண்டும். தவணை மூன்று வருஷம். ஊரை நிச்சயிப்பது முதலாளி. கிட்டங்கியில் தன் பெட்டிக்குப் பக்கத்திலேயே படுக்கை; பெண்டாட்டி ஊரில். கடிதத்தை விட்டால் வீட்டோடு வேறு பேச்சு இல்லை. ஒருவன் வட்டிக்குப் போனான், மற்றவன் ரட்சிப்புக்குப் போகிறான் என்று வித்தியாசத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் அது அவ்வளவு சுலபமாக முடிகிற விஷயமில்லை.

தவணை முடிந்து ஊருக்குக் கிளம்புமுன் ராஜமுந்திரிப் பையன் விடைபெற வந்தான். எனக்குப் பலமுறை காஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிக் கொடுத்தவன். அதைத் தூக்கும்போது அவன் மதம் பேசியதே இல்லை. இரண்டு வருஷத்தில் என்ன செய்தாய் என்று கேட்டேன். அப்போதுதான் பழகியிருந்த தமிழில் சொன்னான்: “ரெண்டு பேர்தான் சேர்ந்தாங்க அண்ணா. ஆனா நான் நெறய மாறிட்டேன்.”

இந்தப் பதிலில் பொய் இல்லை. அதனாலேயே அது என்னைத் தொந்தரவு செய்தது. ஒரு பையன் மனிதனாகத் தேறுவதற்கு அந்நியர்களின் வீடுகளும் அவர்களது துக்கங்களும் பயிற்சிக்கூடமாக இருக்கலாமா? உனக்காக வந்திருக்கிறேன் என்கிறான். முதல் விளைச்சல் அவன் வீட்டுக்குப் போகிறது. வட்டிக்கடைப் பையன் தன் லாபத்துக்கு வந்ததை மறைக்கவில்லை. ஆனால் மறைக்காததால் அவன் கணக்கு சுத்தமாகிவிட்டதா? கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930இல் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 6 சதவீதம். நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல், 1938இல் அது 25 சதவீதம். பேரேட்டில் பற்று எழுதிய பெட்டியடிப் பையன் யாருடைய நிலத்தையும் பிடுங்கவில்லை. நிலம் கைமாறிய நாளில் அவன் காரைக்குடியில் தன் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருந்திருக்கலாம். தவணையின் சௌகரியம் இது. விளைவு வருவதற்குள் ஆள் மாறிவிடுகிறான்.

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பு ஒரு கிராமத்துக் கிளையில் நகைக்கடனுக்கு வந்த ஒரு விதவையிடம் இன்ஷூரன்ஸ் பாலிஸி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். மேலிடம் நிர்ணயித்த இலக்கு இருந்தது வாஸ்தவம். இலக்கு மட்டுமே காரணமென்றால் இன்று நிம்மதியாக இருப்பேன். அவள் நன்மைக்கு என்றே நம்பினேன், உருக்கமாகவே பேசினேன். பிறகு எனக்கு மாற்றல் வந்தது. இரண்டாவது பிரீமியத்துக்கு மேல் அவளால் கட்ட முடியவில்லை, போட்டதில் பெரும்பகுதி போயிற்று, “கண்ணாடி போட்ட தம்பி எங்கே” என்று கௌண்டருக்கு வந்து நின்றாள் என்பதெல்லாம் என் இடத்துக்கு வந்தவர் சொல்லித் தெரிந்தது. என் நம்பிக்கையின் உண்மை அவளுக்கு எதற்கு உதவிற்று?

அப்படியானால் போகாமல் இருந்துவிட்டால் போதுமா? இங்கிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் ஓரியூர் இருக்கிறது. லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, அருளானந்தர் என்ற பெயரில் காவி உடுத்து இந்த மறவர் சீமையில் அலைந்தவர். 1686இல் பிடித்துச் சித்திரவதை செய்து, இனி வராதே என்று விரட்டினார்கள். ஐரோப்பா போனவர், அங்கேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்தார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற தடியத் தேவர், ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்ட கடலாயி, கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் பிரிட்டோவின் தலை விழுந்தது. 1947இல் ரோமாபுரி அவரைப் புனிதராக்கியது.

கடலாயியைக் கதையின் வில்லியாக்கிப் பேசுவது வழக்கம். அவள் யாருடைய வேதத்தையும் ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை. வேறொருவரின் மனமாற்றம் அவள் வீட்டைக் கலைத்தது. பிரிட்டோ ஓடவில்லை. அந்த மகத்துவத்தைக் குறைக்க முடியாது. ஆனால் அவர் உயிரைக் கொடுத்தது தன் நம்பிக்கைக்குச் சாட்சியாக. அது அவளுக்கான பதிலாகாது. தியாகம் எவ்வளவு பெரிதானாலும், அதைக் கொண்டு மூன்றாம் மனிதரின் பற்றைக் கழித்துவிட முடியாது.

ஆகவே பிறரை மாற்றப் புறப்படாதே என்று சொல்ல வருகிறேனா? இல்லை. அப்படிச் சொன்னால் இந்தப் பத்திரிகையையே மூட வேண்டியிருக்கும். சமரசம் செய்யாதே, வேலையை விட்டாலும் எழுத்தை விடாதே என்று இளம் கவிஞர்களுக்கு நாமும் கடிதம் எழுதுகிறோம். கேட்டு நடந்தவன் என்ன ஆனான் என்று விசாரிக்குமுன் நாம் அடுத்த சர்ச்சைக்குப் போய்விடுகிறோம். நம் சொல்லை நம்பி ஒருவர் தன் வாழ்க்கையில் எதையாவது இழந்தால், வந்து கேட்கக்கூடிய இடத்தில் நாம் இருக்க வேண்டும். கேட்கும்போது நம்மிடம் சரியான பதில் இல்லாமல் போகலாம். இருந்தும் முகத்தைக் காட்ட வேண்டும். இதற்குக் குறைந்த எதையும் சேவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ராஜமுந்திரிப் பையன் எப்போதாவது போனில் பேசுகிறான். சேர்ந்த அந்த இருவரையும் இன்றும் பெயர் சொல்லி நலம் விசாரித்து வருவதாகச் சொன்னான். அதைக் கேட்டபோது அவனை மூப்பர் என்று அழைப்பதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த விதவையின் ஊர் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பஸ். நான் இன்னும் போகவில்லை.