"முருகா, அவங்க தோக்கணும்"னு வேண்டலாமா?



இன்னைக்கு ஒரு கேள்வி. நாம ஜெயிக்கணும்னு முருகன்கிட்ட வேண்டுறோம். அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா எதிர்ல நிக்கிறவன் தோக்கணும்னு வேண்டலாமா?

"நாம ஜெயிச்சா அவன் தோத்துதானே ஆகணும், ரெண்டும் ஒண்ணுதானே"ன்னு கேப்பீங்க. நானும் 2024 மே 18 வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன்.

நான் சிஎஸ்கே ரசிகன். 2008-ல ஐபிஎல் தொடங்கினப்ப ஆறாங்கிளாஸ் படிச்சிட்டு இருந்தேன். அன்னையிலேர்ந்து மஞ்சள்தான். இப்போ திருவனந்தபுரத்துல ஐடி வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலைப் பிடிச்சு நாகர்கோவில் வந்துருவேன். சனிக்கிழமை காலைல முடிஞ்சா குமாரகோவில். தக்கலை பக்கத்துல, வேளிமலை அடிவாரத்துல இருக்கு. முருகன் வள்ளியைக் கல்யாணம் பண்ணின இடம்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. தெரியாதவங்க ஒரு தடவை வந்து பாருங்க.

அந்த மே 18-ம் சனிக்கிழமைதான். அன்னைக்கு ராத்திரி பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துல நமக்கும் ஆர்சிபிக்கும் கடைசி லீக் மேட்ச். மூணு டீம் ஏற்கெனவே பிளே-ஆஃப் போயாச்சு. மிச்சம் ஒரே ஒரு இடம். நம்மகிட்ட 14 புள்ளி, அவங்ககிட்ட 12. முதல் 8 மேட்ச்ல 7 தோத்து கடைசில கிடந்த டீம் அது. திடீர்னு வரிசையா 5 மேட்ச் ஜெயிச்சு மேல வந்துட்டாங்க. ஆனா இந்த மேட்ச்ல சும்மா ஜெயிச்சா பத்தாது. நெட் ரன் ரேட்ல நம்மளைத் தாண்டணும்னா, முதல்ல பேட்டிங் ஆடினா சுமார் 18 ரன் வித்தியாசத்துல ஜெயிக்கணும். மழை பெஞ்சு மேட்ச் நடக்கலன்னா ஆளுக்கு ஒரு புள்ளி. நமக்கு 15. நாம உள்ள, அவங்க வெளிய.

அப்போ நான் சன்னதில நின்னு என்ன வேண்டியிருப்பேன்னு சொல்லுங்க.

"முருகா, பெங்களூருல நல்ல மழை பெய்யணும்."

நம்ம பசங்க நல்லா ஆடணும்னு கேக்கல. ஆட்டமே நடக்கக்கூடாதுன்னு கேட்டேன்.

என் கூட இன்ஜினியரிங் படிச்ச நண்பன் ஒருத்தன் இருக்கான். வீடு தக்கலை, வேலை பெங்களூரு. அங்க போய் ஆர்சிபி ஆளா மாறிட்டான். அந்த வருஷம் பெங்களூருல தண்ணிக் கஷ்டம் எப்படி இருந்துதுன்னு நியூஸ்ல பாத்திருப்பீங்க. போர்வெல் எல்லாம் வத்திப்போய் தண்ணி லாரிக்கு ஜனங்க காத்துக் கிடந்தாங்க. இவனும் மார்ச் மாசம் பூரா வீட்டுக்கு போன் பண்ணி, "எம்மா, குளிக்கத் தண்ணி இல்ல"ன்னு புலம்புன ஆள்தான். மேட்ச் அன்னைக்கு காலைல அம்மாவுக்கு போன் போட்டு, "எம்மா, குமாரகோவில்ல ஒரு அர்ச்சனை பண்ணும்மா. இன்னைக்கு இங்க மழை பெய்யக்கூடாது"ன்னு சொல்லியிருக்கான்.

அம்மா கேட்டாங்களாம், "தண்ணி இல்லன்னு நீதானே மக்களே அழுத? இப்ப மழை வேண்டாம்னு நான் எப்படி போய் கேக்க?"

அவங்க அர்ச்சனை பண்ணல. அவன் இதை என்கிட்ட சிரிச்சிட்டே சொன்னான், நானும் சிரிச்சேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரே கோவில், ஒரே முருகன். ஒருத்தன் மழை கேக்கான், இன்னொருத்தன் மழை வேண்டாங்கான். தாகத்துல கிடந்த ஊரைப் பத்தி ரெண்டு பேருக்கும் நினைப்பே இல்ல. நான் மழை கேட்டதுகூட அந்த ஊருக்காக இல்ல. அந்த அம்மா ஒருத்தருக்குத்தான் அது ஞாபகம் வந்துது.

ராத்திரி மேட்ச். 3 ஓவர் முடிஞ்சப்ப நிஜமாவே மழை வந்து ஆட்டம் நின்னுது. நான் வீட்ல துள்ளிக் குதிச்சேன். கொஞ்ச நேரத்துல மழை விட்டுருச்சு. ஆர்சிபி 218 ரன். நாம ஜெயிக்க 219 வேணும், ஆனா உள்ள போக 201 போதும். கடைசி ஓவர்ல அந்த 201-க்கு 17 ரன். தோனியும் ஜடேஜாவும் நிக்காங்க. பந்து போட வந்தது யஷ் தயாள்.

பேரைப் பாத்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். ஏன்னா முந்தின வருஷம், 2023 ஏப்ரல் 9, அகமதாபாத். குஜராத் டீமுக்காக கடைசி ஓவர் போட்ட இதே பையனைத்தான் ரிங்கு சிங் வரிசையா 5 சிக்ஸ் அடிச்சு மேட்ச்சை முடிச்சார். அதுக்கப்புறம் அந்தப் பையன் உடம்பு முடியாமப் போய் 7, 8 கிலோ எடை குறைஞ்சுட்டார்னு அந்த டீம் கேப்டன் ஹார்திக் பாண்டியாவே சொன்னார். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும், "முருகா, இன்னொரு தடவை இவன் கை நடுங்கணும்"னு வேண்டினேன். அப்போ அந்தப் பையனுக்கு 26 வயசு. கிட்டத்தட்ட என் வயசு.

முதல் பந்து, தோனி சிக்ஸ். பந்து ஸ்டேடியத்தை விட்டே வெளிய போயிருச்சு. நான் கேட்டது கிடைச்சிருச்சுன்னு நினைச்சேன். பந்து தொலைஞ்சதால வேற பந்து குடுத்தாங்க. பழசு ஈரமா இருந்துது, இது காஞ்ச பந்து, கையில நல்லா நின்னுது. அதுதான் எங்களுக்கு உதவிச்சுன்னு அப்புறம் தினேஷ் கார்த்திக்கே சொன்னார். அடுத்த பந்து மெதுவா வந்துது, தோனி கேட்ச். கடைசி ரெண்டு பந்துல ஜடேஜா மட்டையில எதுவும் படல. நாம 191. 27 ரன்ல தோல்வி. ரெண்டு டீமுக்கும் 14 புள்ளி, நெட் ரன் ரேட்ல அவங்க உள்ள போயிட்டாங்க. ஆட்ட நாயகன் விருது வாங்கின டு பிளெஸ்ஸி அதை யஷ் தயாளுக்கு சமர்ப்பிக்கிறேன்னு சொன்னார்.

நான் டிவியை ஆஃப் பண்ணிட்டு சாப்பிடாமப் படுத்தேன். "ஒரு கிரிக்கெட்டுக்குப் போய் இப்படியாலே"ன்னு அப்பா திட்டினார்.

ஒரு கிரிக்கெட்டுதான். அதனாலதான் நான் இதைப் பெருசா எடுத்துக்கல. என் வேண்டுதலால பெங்களூருல ஒரு சொட்டு மழை கூடவோ குறையவோ போறதில்ல. நான் ஆசைப்பட்டா ஒருத்தர் கை நடுங்கப் போறதில்ல. கையாலாகாத ஆசைக்கு என்ன பாவம்? விளையாட்டுல ரெண்டு பக்கமும் ஒருத்தர் தோக்கப் போறோம்னு தெரிஞ்சு சம்மதிச்சுத்தானே இறங்குறாங்க? தோல்வி அங்க தண்டனை இல்லையே?

இந்த வாதம் பாதி சரின்னு நான் இப்பவும் நம்புறேன். நம்ம டீம் ஜெயிக்கணும்னு ஆசைப்படுறதுல தப்பே இல்ல. மீதிப் பாதி தப்புன்னு எனக்குப் புரிஞ்சது ஆபீஸ்ல.

அந்த மேட்ச் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் இருக்கும். எங்க டீம்ல ஒரே ஒருத்தருக்குத்தான் நல்ல ரேட்டிங் கிடைக்கும்னு பேச்சு. போட்டி எனக்கும் ஒரு சேட்டனுக்கும். பிளே-ஆஃப் மாதிரியேதான், மிச்சம் ஒரு இடம். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவர் ஒரு மாற்றத்தை லைவ்ல போடப் போறார். அந்த கோடை நான் சும்மா தொறந்து பாத்தேன். டேட்டாபேஸ்ல பழைய ஃபீல்ட் ஒண்ணை எடுத்து விடுறார். ராத்திரி ஓடுற ஒரு ரிப்போர்ட் அந்த ஃபீல்டைத்தான் படிக்கும். அந்த ரிப்போர்ட்டை எழுதினதே நான்தான், அதனால பாத்த உடனே தெரிஞ்சிருச்சு. ரிவ்யூ பண்ண வேண்டிய ஆள் நான் இல்ல. யாரும் என்கிட்ட கேக்கவும் இல்ல.

ஒரு மெசேஜ் போட்டா முடிஞ்சுது. நான் போடல. லேப்டாப்பை மூடிட்டு ரூமுக்குப் போயிட்டேன்.

ராத்திரி 2 மணிக்கு ரிப்போர்ட் விழுந்துது. சேட்டன் விடிய விடிய உக்காந்து சரி பண்ணினார். வீட்ல கைக்குழந்தை இருக்கு அவருக்கு. காலைல அவர் முகத்தைப் பாத்து, "அய்யோ, என்ன ஆச்சு?"ன்னு கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைச்சா இன்னும் கூசுது.

அந்த ரேட்டிங் எனக்குத்தான் வந்துது. அம்மா பாயாசம் வச்சாங்க. எனக்குத் தொண்டைல இறங்கல.

ஒரு வாரம் கழிச்சு அவர்கிட்டயே போய் சொன்னேன். அவர் திட்டல. கொஞ்ச நேரம் பாத்துட்டு, சாயா குடிக்கலாம்னு கூட்டிட்டுப் போனார். ஆனா அதுக்கப்புறம் அவர் தன்னோட கோடை என்கிட்ட காட்டினதே இல்ல.

மக்களே, வியாழக்கிழமை சாயங்காலம் என் மனசுக்குள்ள இருந்தது புது ஆள் இல்ல. மே 18 ராத்திரி சோபால உக்காந்து "அவன் கை நடுங்கணும்"னு வேண்டினானே, அதே ஆள்தான். சோபால இருந்தப்ப அவனால எதுவும் பண்ண முடியல, அதனால அவன் நல்லவன் மாதிரி தெரிஞ்சான். ஆபீஸ்ல அவனால பண்ண முடிஞ்சுது. ஒண்ணும் பண்ணாம இருந்தே பண்ணிட்டான்.

சீசன் கடைசில நமக்கு என்ன ஆகுதுன்னு கவனிச்சுப் பாருங்க. முதல் மாசம் நம்ம டீம் மேட்ச்சை மட்டும்தான் பாப்போம். கடைசி ரெண்டு வாரம் நம்ம டீம் ஆடாத மேட்ச்சையும் பாப்போம், யார் யார் தோக்கணும்னு ஒரு லிஸ்ட் வச்சுக்கிட்டு. நம்ம நல்லதை விட அடுத்தவன் கெட்டது பெருசாத் தெரிய ஆரம்பிக்கும். கணக்குதானேன்னு விட்டுருவோம். ஆனா திரும்பத் திரும்ப ஆசைப்படுற ஆசை நமக்குப் பழக்கமாயிரும். செலவில்லாத ஆசைன்னு நாம நினைக்கிறதுதான் நம்மளை ரொம்ப சுலபமாப் பழக்குது.

இன்னொண்ணும் சொல்லணும். 2025-ல நாம கடைசி இடம். ஆர்சிபி ஜூன் 3 அன்னைக்கு கப் அடிச்சுது. எனக்கு வயித்தெரிச்சல்தான், பொய் சொல்லல. மறுநாள் சாயங்காலம் சின்னசாமி ஸ்டேடியம் வாசல்ல கூட்ட நெரிசல்ல ஜனங்க செத்துட்டாங்கன்னு நியூஸ் வருது. கடைசில கணக்கு 11 பேர். நண்பன் அங்க போறேன்னு காலைல ஸ்டேட்டஸ் வச்சிருந்தான். போன் போடுறேன், எடுக்கல. திரும்பத் திரும்பப் போடுறேன். தக்கலைல இருந்து அவன் அம்மா எனக்குப் போடுறாங்க. ஒண்ணரை மணி நேரம் கழிச்சு ஒரு மெசேஜ்: "மக்கா, கப்பன் பார்க் மெட்ரோல கூட்டத்தைப் பாத்துட்டு திரும்பிட்டேன். போன் சார்ஜ் இல்ல."

அந்த ஒண்ணரை மணி நேரமும் நான் முருகனைத்தான் கூப்பிட்டேன். அப்போ அவன் எந்த டீம்னு எனக்கு ஞாபகமே இல்ல. செத்துப்போன 11 பேரோட வீட்லயும் அன்னைக்கு யாரோ ஒருத்தர் இப்படித்தான் போன் போட்டுட்டு இருந்திருப்பாங்க.

அன்னையிலேர்ந்து எனக்கு நானே ஒரு கணக்கு வச்சிருக்கேன். எதை வேண்டினாலும், யாரைப் பத்தி வேண்டுறேனோ அவர் அதே சன்னதில எனக்குப் பக்கத்துல நிக்கிறார்னு நினைச்சுக்குவேன். அவர் காதுல விழுற மாதிரி இதைச் சத்தமா சொல்ல முடியுமா? "முருகா, நாங்க நல்லா ஆடணும், ஜெயிக்கணும்" - சொல்லலாம், அவரும் சிரிச்சுட்டு தன்னோடதைச் சொல்லுவார். "முருகா, இவர் கை நடுங்கணும்" - சொல்ல முடியாது. சொல்ல முடியாததைக் கேக்கவும் கூடாதுன்னு விட்டுட்டேன். கர்நாடகத்துக்காரங்களுக்கு குக்கே சுப்ரமண்யா, நமக்கு குமாரகோவில். கேக்குற காது ஒண்ணுதானே.

சூரசம்ஹாரக் கதை நமக்கு மனப்பாடம். எதிர்த்து நின்ன சூரனை முருகன் என்ன செஞ்சார்? வேலால ரெண்டா பிளந்தார், ஆனா குப்பையில போடல. ஒரு பாதியை மயிலாக்கி தனக்கு வாகனமா வச்சுக்கிட்டார், இன்னொரு பாதியைச் சேவலாக்கிக் கொடியில ஏத்தினார். தோத்தவனுக்கும் தன் பக்கத்துலயே இடம் குடுத்த சாமிகிட்ட போய், "அவனுக்கு இடம் இல்லாமப் பண்ணு"ன்னு நான் மழை கேட்டிருக்கேன்.

இப்பவும் சீசன் கடைசில என் மனசு கணக்கு போடும். யார் தோக்கணும், எத்தனை ரன்ல தோக்கணும்னு விரல் விட்டு எண்ணும். போன மாசம்கூட ஆபீஸ்ல இன்னொருத்தர் கோட்ல ஒரு தப்பு கண்ணுல பட்டுது. ஒரு நிமிஷம் கை நின்னுது. அப்புறம் மெசேஜ் போட்டுட்டேன். அந்த ஒரு நிமிஷமும் இல்லாமப் போகணும்னுதான் இப்போ குமாரகோவில் படியேறும்போது வேண்டுறேன்.

நீங்க சொல்லுங்க மக்களே, கடைசியா எதை வேண்டினீங்க? பக்கத்துல நின்னவர் காதுல விழுற மாதிரி சொல்ல முடியுமா?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.