கடவுள் கணக்கு

பி.காம். படித்தவர்களுக்கு 'ஆக்ட் ஆஃப் காட்' ஞாபகம் இருக்கும். வணிகச் சட்டத்தில் வரும். ஏற்றிச் செல்கிற சரக்கு சேதமானால் லாரிக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால், யாராலும் தடுத்திருக்க முடியாத புயலிலோ வெள்ளத்திலோ போனால் அது கடவுள் செயல். லாரிக்காரர் தப்பித்தார். கடவுளுக்கு யார் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது?

சௌகரியமான ஏற்பாடுதான். ஆனால் வெள்ளமும் வெயிலும் முழுக்கக் கடவுள் செயல்தானா என்று விஞ்ஞானிகள் தணிக்கை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

2003-ல் ஐரோப்பாவில் வெயில் கொளுத்தியது. அந்தக் கோடையில் வழக்கத்தைவிட 70 ஆயிரம் பேருக்கு மேல் அதிகமாக இறந்ததாகப் பிற்பாடு கணக்கிட்டார்கள். அடுத்த வருடமே பீட்டர் ஸ்டாட் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் கம்ப்யூட்டரில் இரண்டு உலகங்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒன்று, நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த நம் உலகம். இன்னொன்று, எரிக்காத உலகம். அப்படியொரு கோடை வருகிற அபாயத்தை மனிதன் குறைந்தபட்சம் இரண்டு மடங்காக்கியிருக்கிறான் என்பதற்கே வாய்ப்பு மிக அதிகம் என்றார்கள்.

தாயக்கட்டையில் ஒருவன் ரகசியமாக ஈயம் வைத்துவிட்டான் என்று வையுங்கள். எப்போதாவது விழுகிற தாயம் இனி அடிக்கடி விழும். இந்தத் தாயம் ஈயத்தால் விழுந்ததா, தானாக விழுந்ததா? சொல்ல முடியாது. அதற்காக ஈயம் வைத்தவன் யோக்கியனாகிவிடுவானா?

மழையிலும் இதே கதை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவிகிதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஒருநாள் மொத்தமாகக் கொட்டும். 2022-ல் பாகிஸ்தான் வெள்ளத்தில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 3 கோடியே 30 லட்சம் பேர். உலகத்தின் கரியமில வாயுக் கணக்கில் அந்த நாட்டின் பங்கு ஒரு சதவிகிதத்துக்கும் கீழே. சாப்பிட்டது ஒருவர், பில் வந்தது இன்னொருவருக்கு! அதே வருடம் எகிப்தில் கூடிய மாநாட்டில், இப்படிப்பட்ட இழப்புகளுக்கென்று தனி நிதி வைக்க ஒப்புக்கொண்டார்கள். 'நஷ்ட ஈடு' என்ற வார்த்தையை மட்டும் பணக்கார நாடுகள் கிட்டே சேர்க்கவில்லை.

பணக்கார நாடுகளைத் திட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். அடுத்த பக்கத்தையும் புரட்டுவோம்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. சென்னையே மூழ்கியது. அந்த ஒருநாள் மழையையும் விஞ்ஞானிகள் தணிக்கை செய்தார்கள். பருவநிலை மாற்றத்தின் கை அதில் தெளிவாகத் தெரியவில்லை என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த விடை. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கையோ, அந்த வெள்ளத்தை மனிதர்களால் விளைந்த பேரிடர் என்றது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்த விதத்தைக் குறை சொன்னது. நாமும் நம் பங்குக்குக் கேட்டுக்கொள்ளலாம்: நம்ம ஏரியா, முன்னே ஏரியா?

எனக்கு இந்தக் கணக்கில் பிடித்ததே இந்த நேர்மைதான். குற்றம் இருந்தால் எழுதுகிறார்கள். இல்லையென்றால் இல்லை என்கிறார்கள். நாமோ எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் எழுதி மூடப் பார்க்கிறோம். முன்பு கடவுள், இப்போது பருவநிலை மாற்றம். பெயர்தான் வேறு, தப்பித்தல் ஒன்றுதான்.

"உலகத்தில் 800 கோடி பேர். இதில் நான் ஒருத்தன் என்ன சார்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். எல்லோருக்கும் சம பங்கு கிடையாது. நிறைய எரித்தவர் நிறையக் கட்டட்டும். ஆனால் கணக்கு தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். சின்னத் தொகை வேறு, பூஜ்யம் வேறு.