கழற்றிய கை

பழைய நகை ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கடைக்காரர் முதலில் அதை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார். இந்நாளில் யந்திரத்துக்குள் வைத்தும் பார்க்கிறார்கள். பிறகு கல்லுக்கு இவ்வளவு, உள்ளே இருக்கும் அரக்குக்கு இவ்வளவு, பற்றாசுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வருவார். கடைசியில் மிஞ்சியதை நிறுத்து ஒரு தொகையைச் சொல்வார். அவர்மேல் குற்றமில்லை. 8 கிராம் கொண்டது ஒரு பவுன் என்பது அவருடைய சாஸ்திரம். அந்த நகை யாருடைய கழுத்தில் கிடந்தது என்பதை எந்தத் தராசில் வைப்பது?

ஆனால் தொகையைக் கேட்ட பெண் சற்று நேரம் தயங்குகிறாள். "இது எங்கள் பாட்டியின் அட்டிகை, இருக்கட்டும்" என்று சொல்லி, அதை மறுபடியும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வீடு திரும்புகிறாள். பணத்தேவை தீரவில்லை, ஆனாலும் ஏதோ ஒரு பாவத்திலிருந்து தப்பிவிட்டவள் போல நிம்மதியாக மூச்சு விடுகிறாள். இது அறிவா, பேதைமையா?

பேதைமை என்று சொல்கிறவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பாட்டியின் நினைவு பொன்னில் இருக்கிறது என்றால், அந்தப் பொன்னை உருக்கி வளையல் செய்தாலும் அது இருக்க வேண்டும். வடிவத்தில் இருக்கிறது என்றால், அதே வடிவத்தில் பித்தளையில் செய்து வைத்துக்கொண்டாலும் போதும். இரண்டுக்கும் நாம் சம்மதிப்பதில்லை. ஆகவே நினைவு நகையில் இல்லை, உங்கள் மனத்தில்தான் இருக்கிறது என்பார்கள். வாஸ்தவம். ஆனால் மனம் மறக்கும் குணமுடையது. அதற்கு ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது.

நம் காவியங்கள் இதை நன்றாக அறிந்திருந்தன. அசோகவனத்தில் சீதை அனுமனிடம் எத்தனையோ சொல்லி அனுப்புகிறாள். ஆயினும் சூடாமணியையும் கொடுத்தால்தான் அந்தச் சொல் முழுமை பெறுகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் ஒரு சிலம்பு விற்பனைக்குப் போய்க் கணவனின் உயிரைக் கொண்டுபோகிறது. அதே சிலம்பு பாண்டியன் சபையில் உடைந்து நியாயத்தைச் சொல்கிறது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வெளியே பார்க்க ஒன்றுபோல் இருந்தவற்றைப் பிரித்துக் காட்டியது உள்ளே இருந்த பரல்.

இதில் நாம் கவனிக்காமல் போகும் ஒன்று உண்டு. கண்ணகி அந்தச் சிலம்பைப் பூட்டி வைக்கவில்லை. எல்லாம் இழந்து நாணத்தோடு திரும்பி வந்த கணவனுக்கு, அவளே முன்வந்து கொடுத்தாள். நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தார், நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்துச் சாவியைப் பத்திரப்படுத்துவதே முன்னோருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறோம். வேறு விதமாக மரியாதை செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே பொம்மையார்பாளையம் என்ற மீனவ ஊர் இருக்கிறது. அங்கே மீன் விற்கும் ஒரு மூதாட்டியோடு ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். அவள் காதில் பழங்காலத்துச் சிவப்புக்கல் தோடு. ஒரு கல் இல்லை. அதைப் பற்றிக் கேட்டதும் சிரித்தாள்.

"எங்க மாமியா போட்ட தோடுங்க. என் காதுல இருந்ததைவிட சேட்டுக் கடையில இருந்த நாளுதான் ஜாஸ்தி. வலை வாங்க ஒருவாட்டி வச்சேன். பெரியவன் படிப்புக்கு ஒருவாட்டி. பேத்தி பொறந்தப்போ ஆஸ்பத்திரிக்கு ஒருவாட்டி. எல்லா வாட்டியும் திருப்பிட்டேன்."

"ஒரேயடியாக விற்றிருந்தால் வட்டி மிஞ்சியிருக்குமே, ஆயா?" என்றேன்.

"வித்துட்டா அடுத்த வாட்டி எதைங்க வைக்கிறது?" என்றவள், கொஞ்சம் பொறுத்து, "எனக்கப்புறம் மருமவளுக்குத்தான். சும்மா குடுக்க மாட்டேன். எப்போ எதுக்கு வச்சது, எப்படித் திருப்புனதுன்னு எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் குடுப்பேன்" என்றாள்.

அந்தக் கரையில் இந்தப் பேச்சுக்கு ஒரு கூடுதல் அர்த்தம் இருக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் கடல் சீறும் நாட்களில் வருமானம் நின்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. கரையும் நிலையாக இல்லை. இந்தக் கடலோரத்தில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. அதற்கு வடக்கே உள்ள கரையைக் கடல் தின்று வருகிறது. மாமியார் குடியிருந்த வீடு எங்கே என்று கேட்டால் தண்ணீரைக் காட்டக்கூடிய ஊர்கள் அவை. வீடு போகும் இடத்தில் காதில் கிடக்கும் தோடுதான் பூர்வீகச் சொத்து. அது ஒவ்வொரு முறை அடகுக்குப் போய் மீண்டபோதும் அதன் மதிப்பு ஒரு படி ஏறியது என்றே எனக்குத் தோன்றுகிறது. வட்டிக் கணக்கில் இது சரியாக வராது. வாழ்க்கைக் கணக்கில் வரும்.

இந்தக் கணக்கை நம் வீட்டு அட்டிகைக்கும் போட்டுப் பார்த்தால் என்ன? இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. "பாட்டி ஆசையாகக் கொடுத்தது" என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பாட்டி அதை எப்போது கழற்றினாள் என்று விசாரித்துப் பாருங்கள். பல வீடுகளில் பதில் ஒன்றுதான்: தாத்தா இறந்த பத்தாம் நாள். சிலருக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அட்டிகையும் தோடும் மூக்குத்தியும் கழற்றப்பட்டன, பெட்டிக்குள் போயின, பிறகு மருமகளிடமோ பேத்தியிடமோ வந்து சேர்ந்தன. நாம் பரம்பரை நகை என்று கொண்டாடுபவற்றில் பல, கொடுக்கப்பட்டவை அல்ல, பறிக்கப்பட்டவை. பேத்தியின் கல்யாணத்தில் அந்த அட்டிகை மணமேடையில் ஜொலித்தபோது, அதற்கு உரியவள் கண்ணில் படாமல் உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள்.

இது நினைக்க இனிமையான விஷயம் அல்ல. அதனால் நாம் நினைப்பதில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பெண்ணுக்கு நகை என்னவாக இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. நிலமும் வீடும் ஆண்மக்களுக்குப் போயின. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு முன், பெண் தன்னுடையது என்று முழு உரிமையோடு சொல்லிக்கொள்ளக் கூடியது பெரும்பாலும் சீதனம் ஒன்றுதான். அதைக்கூடக் கணவன் வீட்டார் பொதுச்சொத்தாகப் பாவித்தார்கள். சீதனம் மனைவியின் சொந்தச் சொத்து, கணவன் அதில் பங்காளி அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில், "உன் வளையலைக் கொடு" என்ற வார்த்தை கேள்வியாக வருவதில்லை.

ஆகவே, பழைய நகையை அழிக்கலாமா, விற்கலாமா என்பதைக் காட்டிலும் பெரிய கேள்வி, அதைக் கழற்றிய கை யாருடையது என்பது. கண்ணகியின் சிலம்பும் மீனவ மூதாட்டியின் தோடும் உரியவளின் கையால் கழன்றவை. அதில் துக்கம் உண்டு, அவமானம் இல்லை. பிறர் கை கழற்றிய நகையில் எத்தனை வேலைப்பாடு இருந்தாலும் ஒரு கடன் பாக்கி நிற்கிறது.

அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? புதுச்சேரிக்குச் சற்றுத் தெற்கே அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து, ரோமாபுரியோடு நடந்த பழைய வாணிபத்தின் தடயங்களைக் கண்டார். கண்ணாடியிலும் கல்லிலும் செய்த மணிகள் அந்த மண்ணில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. சுமார் 2000 ஆண்டுகள் ஆகியும் நிறம் போகாத மணிகள். அவற்றில் ஒன்றைக் கோத்து ஆசையோடு அணிந்த பெண் ஒருத்தி இருந்திருப்பாள். அவள் யார்? மணிக்குச் சொல்லத் தெரியாது. பொருள் காலத்தை வென்றுவிட்டது. அதனோடு வந்திருக்க வேண்டிய கதை தோற்றுவிட்டது. பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும் நம் நகைகளுக்கு இந்தக் கதி வர 2000 ஆண்டுகள் வேண்டாம். இரண்டு தலைமுறை போதும்.

கஷ்டத்துக்கு அட்டிகையை அடகு வையுங்கள், தவறில்லை. மகளின் படிப்புக்காக விற்க நேர்ந்தால் அதைவிட நல்ல முடிவு அந்த நகைக்கு இருக்க முடியாது. ஆசைக்கு அழித்து வேறு செய்துகொண்டாலும் பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டாள். கணக்கை மட்டும் அழித்துவிட வேண்டாம். யார் செய்து போட்டது, எந்தக் கஷ்டத்துக்குப் போய் வந்தது, யார் எப்போது கழற்றினார்கள், மனமுவந்தா, அழுதுகொண்டா என்பதை வாங்கிக்கொள்கிறவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல நா எழாவிட்டால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நகையோடு வையுங்கள். அதில் 'பாட்டி' என்று எழுதினால் போதாது. அவளுடைய பெயரை எழுத வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?